வரைபடத்தில் விழுந்த மடிப்பு

பிப்ரவரி 4

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் இங்கே நலம். நீங்களும் அம்மாவும் நலமா? அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? உங்கள் இருமல் போயிற்றா, இல்லை உங்கள் பழைய மாணவர்களைப் போல அதுவும் வாசலிலேயே நிற்கிறதா?

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். திட்டுவதானால் முழுக்கப் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

எங்கள் ஆய்வகத்தில் பெண்கள் கப்பலில் ஏறக் கூடாது என்பது உங்களுக்குத் தெரியும். ஆண்கள் கடலுக்குப் போகிறார்கள். கப்பலுக்குப் பின்னால் நீளமான கம்பியில் ஒரு காந்தமானியைக் கட்டி இழுத்துக்கொண்டு போகிறார்கள். கடலடிப் பாறையின் காந்தம் எங்கே கூடுகிறது, எங்கே குறைகிறது என்று அது பதிந்துகொண்டே வரும். அந்தக் காகிதச் சுருள்கள் எல்லாம் கடைசியில் என் மேஜையில்தான் வந்து விழும். என் மேஜை ஜன்னலோரம் இருக்கிறது. நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. அதற்கு உங்கள் பாடப்புத்தகத்தின் ஐந்தாம் பதிப்பை முட்டுக் கொடுத்திருக்கிறேன். கோபிக்காதீர்கள், ஆறாம் பதிப்பு அலமாரியில் பத்திரமாக இருக்கிறது.

காந்தம் கூடிய இடத்துக்குக் கறுப்பு, குறைந்த இடத்துக்கு வெறும் வெள்ளை என்று வரைந்துகொண்டே வந்தேன். கடலுக்கு நடுவே ஓடும் மலைத்தொடருக்கு இணையாக, வரிக்குதிரை முதுகு போல வரிவரியாக வந்தது. எங்கள் பிரிவுத் தலைவர் எட்டிப் பார்த்தார். "கருவி கெட்டுப் போயிருக்கும்மா. இல்லேன்னா உன் கணக்கு கெட்டுப் போயிருக்கு. திரும்பப் போடு" என்றார். போட்டேன். மறுபடியும் அதே வரிகள். மூன்றாவது தடவையும் போடச் சொன்னபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் போனதும் டிரேசிங் தாளைக் கசக்கி எறியப் போனேன். கை பாதியில் நின்றுவிட்டது. மலைத்தொடர் ஓடும் கோட்டில் தாளை இரண்டாக மடித்து ஜன்னல் கண்ணாடியில் வைத்துப் பார்த்தேன். அப்பா, இடப்பக்க வரிகள் வலப்பக்க வரிகளின்மேல் அப்படியே போய் உட்கார்ந்தன. அகலமானது அகலமானதன்மேல், ஒல்லியானது ஒல்லியானதன்மேல்.

இதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான் எனக்குத் தெரிகிறது. அந்த மலைத்தொடரின் நடுவில் ஒரு பிளவு. அதன் வழியே எரிமலைக் குழம்பு மேலே வருகிறது. ஆறி இறுகும்போது அன்றைக்கு வடக்கு எந்தப் பக்கமோ அதைத் தனக்குள் பிடித்து வைத்துக்கொள்கிறது. பூமியின் காந்த வடக்கு அவ்வப்போது தலைகீழாகப் புரண்டிருக்கிறது. புரண்ட காலத்தில் இறுகிய தரை இன்றைய காந்தத்துக்கு எதிராக இழுக்கிறது, அதுதான் வெள்ளை வரி. புதுத் தரை வர வர, பழைய தரை பாலாடை போல இரண்டு பக்கமும் ஒதுங்குகிறது. தரை ஒதுங்கினால் கண்டங்களும் ஒதுங்கியாக வேண்டும். அதாவது கண்டங்கள் அசையாது என்கிற உங்கள் பதினோராம் அத்தியாயம் தப்பு.

வருஷக் கடைசியில் என் வேலைக்காலம் முடிகிறது. என் பெயரில் ஒரு கட்டுரை வந்தால் நிரந்தரமாக்குவார்கள். இல்லையென்றால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். மடித்துப் பார்த்த கதையை உங்களைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பொம்பளைப் பிள்ளை காகிதக் கப்பல் விடுகிறாள் என்பார்கள். கட்டுரையில் எல்லாம் அளவுகளாகத்தான் இருக்கும்.

தப்பு என்றால் என் முகத்துக்கு நேராகச் சொல்லுங்கள்.

அன்பு மகள்

*

பிப்ரவரி 23

அன்புள்ள வக்கீலம்மாவுக்கு,

நாங்கள் நலம். உன் நலத்துக்கு உன் கடிதத்தின் சூடே சாட்சி. இருமல் இருக்கிறது. அதுவாவது என்னோடு தர்க்கம் பண்ணாமல் இருக்கிறது.

(அப்பா சொல்லச் சொல்ல நான் டைப் அடிக்கிறேன். முழங்கால் தேவலை. நேரத்துக்குச் சாப்பிடு. அம்மா.)

புத்தகத்தை முட்டுக் கொடுத்ததில் எனக்கு வருத்தமில்லை. என் மாணவர்கள் தலைக்கு வைத்துத் தூங்கினார்கள், நீ காலுக்கு வைத்திருக்கிறாய். எப்படியோ பயன்படுகிறது.

முழுக்கப் படித்துவிட்டேன், இனித் திட்டலாம் அல்லவா? கண்டங்கள் நகர்கின்றன என்று நான் மாணவனாக இருந்தபோதே சொல்லிப் பார்த்துவிட்டார்கள். இந்தக் கரையும் அந்தக் கரையும் பொருந்துகின்றன, இரண்டு கரையிலும் ஒரே பழங்காலப் பிராணியின் எலும்பு கிடைக்கிறது என்றார்கள். எது தள்ளுகிறது என்று கேட்டால் வாயைத் திறக்கவில்லை. உன்னிடம் நான் இன்னொன்று கேட்கிறேன். நடுவில் புதுத் தரை முளைத்துக்கொண்டே இருந்தால் பழைய தரை எங்கே போகிறது? பூமி என்ன ஊதுகிற பலூனா?

வடக்கு புரள்கிறதாம். தலை நரைக்கிறவரை எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காக இறுகிய என் மலையில் கல் உடைத்தவன் நான். ஒவ்வொரு கல்லையும் பெயர்ப்பதற்கு முன்னால் அதன் தலையில் வடக்கைக் குறித்த பிறகுதான் சுத்தியலை ஓங்குவேன். வடக்கைத் தலைகீழாகக் காட்டிய கற்கள் எனக்கும் கிடைத்தன. மின்னல் விழுந்து காந்தம் கெட்ட கற்கள். தூக்கி எறிந்தேன்.

ஆழம் தெரியாமல் காலை விடாதே, அதுவும் கடலில். ஒரு வருஷம் பொறு. யாருக்கும் அனுப்பாதே.

அன்புடன்,
அப்பா

*

மார்ச் 15

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். அம்மாவுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். அவளே போட்டுக்கொள்வாள் என்று பேப்பர் படித்துக்கொண்டு உட்காராதீர்கள்.

பழைய தரை எங்கே போகிறது என்று கேட்டீர்கள். நல்ல கேள்வி. மூன்று நாள் தூங்கவிடவில்லை. கடலோரங்களில் மகா ஆழமான அகழிகள் இருக்கின்றன அல்லவா? அவற்றின் பக்கத்தில் வந்த நிலநடுக்கங்களை எல்லாம் எடுத்து வைத்துப் பார்த்தேன். அகழிக்குக் கிட்டத்தில் நடுக்கம் மேலாக வருகிறது. தள்ளிப் போகப் போக ஆழத்தில் வருகிறது. புள்ளி வைத்துச் சேர்த்தால் பூமிக்குள் சாய்வாக இறங்கும் ஒரு பலகை. பழைய தரை அங்கேதான் உள்ளே போகிறது! ஒரு பக்கம் முளைக்கிறது, இன்னொரு பக்கம் புதைகிறது. பலூனும் இல்லை, மாயமும் இல்லை. பூமியின் மேலோடு சில பெரிய தட்டுகளாக உடைந்து கிடக்கிறது. கண்டங்கள் அவற்றின்மேல் ஏறி உட்கார்ந்த பிரயாணிகள், அவ்வளவுதான்.

உங்கள் மலையில் மின்னல் என்ன, அடுக்குப் பார்த்தா விழுந்தது? ஒரே அடுக்கில் எல்லாக் கல்லும் தலைகீழ், அதற்கு மேல் அடுக்கில் எல்லாம் நேர் என்றால் அந்த மின்னலுக்கு நல்ல ஒழுக்கம். நீங்கள் பிடித்த முயலுக்கு மூன்றே கால்!

பொறுக்கவில்லை அப்பா. அனுப்பிவிட்டேன். வரைபடத்தில் ஒரு சுருக்கம் விழக் கூடாதென்று உருளைக்குள் சுருட்டி அனுப்பினேன். இந்த ஆய்விதழில் எழுதியவர் பெயரை எடுத்துவிட்டு யாராவது மூத்தவரின் மதிப்பீட்டுக்கு அனுப்புவார்களாம். அவர் பெயரையும் நமக்குச் சொல்ல மாட்டார்கள். எனக்கு அதுதான் நிம்மதி. நான் பெண் என்பதும் தெரியாது, உங்கள் மகள் என்பதும் தெரியாது. வரிகளை மட்டும் பார்ப்பார்கள்.

அன்பு மகள்

*

மே 9

அன்புள்ள மகளுக்கு,

இங்கே எல்லோரும் நலம். பதில் எழுத நாளாகிவிட்டது. வேலை.

குளியலறைக் குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது, ஆள் வந்து சரிசெய்துவிட்டான். பின்சுவரில் விரிசல், பூச வேண்டும். ஏழாம் பதிப்பு வேண்டுமென்று பதிப்பாளர் நச்சரிக்கிறார். வெயில் அதிகம். உடம்பைப் பார்த்துக்கொள்.

அப்பா

(உன் அப்பாவுக்கு இரண்டு வாரமாக முகமே சரியில்லை. கேட்டால் "ஒண்ணுமில்ல, குழாய்" என்கிறார். குழாய் சரியாகி நாளாயிற்று. நீ எப்போது வருவாய்? அம்மா.)

*

ஜூன் 12

அன்புள்ள அப்பாவுக்கு,

நலமாக இருக்கிறீர்களா? நான் நலமாக இல்லை. பொய் சொல்ல மனம் வரவில்லை.

கட்டுரை திரும்பி வந்துவிட்டது. மதிப்பீட்டாளர் என்ன எழுதியிருக்கிறார் தெரியுமா? அப்படியே தருகிறேன்: "எந்த மைக்கறையையும் தாளோடு மடித்துப் பிரித்தால் இரண்டு பக்கமும் ஒன்றுபோலத் தெரியும். இது குழந்தைகளுக்குப் பொழுதுபோக்கு, விஞ்ஞானம் அல்ல. எழுதியவர் கடலை விட்டுவிட்டுக் கரையில் பயனுள்ள வேலை ஏதாவது பார்க்கலாம்."

தலைவர் இதைத் தேநீர் இடைவேளையில் எல்லோருக்கும் உரக்கப் படித்துக் காட்டினார். "குழந்தைகளுக்குப் பொழுதுபோக்கு" என்ற இடத்தில் நிறுத்தி என்னைப் பார்த்துச் சிரித்தார். என் கையில் சூடான தேநீர் இருந்தது. அதை அவர் சட்டையில் ஊற்றாமல் மேஜையில் வைத்தேன் பாருங்கள், அதற்கு எனக்கு ஒரு பதக்கம் தரலாம்.

தப்பு என்றால் எங்கே தப்பு என்று காட்ட வேண்டாமா? அகழிகளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நிலநடுக்கங்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நக்கல் மட்டும் இருக்கிறது. போதாக்குறைக்கு, நான் கண்ணில் ஒற்றிக்கொண்டு உருளையில் அனுப்பிய வரைபடத்தை நடுவில் மடித்துத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். துணிக்கடைப் பொட்டலம் போல!

உங்களுக்குத் தெரியாத கிழவர்கள் இந்தத் துறையில் கிடையாது. இந்த நடை யாருடையது என்று பார்த்துச் சொல்லுங்கள். பெயர் மட்டும் தெரிந்தால் போதும். மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உங்கள் மகள்

*

ஜூலை 1

அன்புள்ள வக்கீலம்மாவுக்கு,

நாங்கள் நலம். உன் கடிதம் படித்து அம்மா அழுதாள். நீ அழாதே.

யார் எழுதியது என்று தேடி என்ன ஆகப்போகிறது? யாராக இருந்தாலும் உனக்குப் பகையாக இருக்க வேண்டுமென்பதில்லை. அடிக்கிற கைதான் அணைக்கும் என்பார்கள். இந்தக் கட்டுரை அச்சாகி, நாளைக்கு அது தப்பென்று தெரிந்து, ஊரே சிரித்திருந்தால்? அந்த அவமானத்திலிருந்து ஒருவர் உன்னைக் காப்பாற்றியிருக்கலாம் அல்லவா? நடை கொஞ்சம் கடுமைதான். வயதானவர்களுக்கு நாக்கு அப்படி.

இங்கே கல்லூரியில் ஒரு இடம் காலியாகிறது. நான் ஒரு வார்த்தை சொன்னால் கிடைக்கும். வீட்டுச் சாப்பாடு, சொந்த அறை. யோசித்துப் பார்.

அன்புடன்,
அப்பா

(நான் இதை டைப் மட்டும்தான் அடித்தேன். அம்மா.)

*

ஜூலை 13

ஐயா,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை.

என் கட்டுரையை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் திரும்பப் படித்தேன். அதில் மடிப்பது என்ற பேச்சே இல்லை. தூரம் இவ்வளவு, அகலம் இவ்வளவு என்ற அளவுகள்தான் இருக்கின்றன. தாளை மடித்துப் பார்த்ததை இந்த உலகத்தில் ஒரே ஒருவருக்குத்தான் எழுதினேன்.

மதிப்பீட்டாளருக்கு அது எப்படித் தெரிந்தது?

நுணலும் தன் வாயால் கெடும். நக்கலடிக்காமல் நான்கு வரி எழுதியிருந்தால் நான் கண்டுபிடித்தே இருக்க மாட்டேன். உங்களுக்குத்தான் நாக்கு நிற்காதே! யாரென்று உங்களிடமே வந்து கேட்டேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும். என் கடிதத்தைப் பிடித்துக்கொண்டு என்ன நினைத்தீர்கள்? சிரித்தீர்களா? "அடிக்கிற கைதான் அணைக்கும்" என்று சொல்லும்போது உங்களுக்குக் கூசவில்லையா?

பெயர் தெரியாமல் எழுதிவிட்டேன் என்று சொல்லாதீர்கள். மடிப்பு தெரிந்தவருக்குப் பெயரும் தெரியும். வேலியே பயிரை மேய்ந்தால் பயிர் யாரிடம் போய்ச் சொல்லும்?

முகத்துக்கு நேராகச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தேன். முதுகில் எழுதியிருக்கிறீர்கள்.

கையெழுத்திட்டு அனுப்புகிறேன். எனக்கு ஒளிந்துகொண்டு எழுதிப் பழக்கமில்லை.

கடலடி வரைபடப் பிரிவு, மூன்றாம் மேஜை

*

ஆகஸ்ட் 2

மகளுக்கு,

இதைக் கையால் எழுதுகிறேன். உன் கடிதத்தைப் படித்த அன்றிலிருந்து உன் அம்மா டைப் மெஷினுக்கு உறை போட்டு மூடிவிட்டாள். ஏழாம் பதிப்பு அப்படியே கிடக்கிறது.

ஆம், நான்தான் எழுதினேன். உறையில் பெயர் இல்லை. இரண்டாம் பக்கத்தில் அகழிகள் வந்ததுமே தெரிந்துவிட்டது. மதிப்பிட மறுத்துத் திருப்பி அனுப்பியிருக்கலாம் என்பாய். அனுப்பினால் வேறு எவனாவது இதைவிட மோசமாக எழுதியிருப்பான். சரி என்று எழுதியிருந்தால்? அப்பன் மகளுக்குப் பரிந்து எழுதினான் என்று நாளைக்கு உன்னைத்தான் பேசுவார்கள். நான் நம்பாததை எப்படிச் சரி என்று எழுத முடியும்? மகள் என்பதற்காகப் பூமி நகருமா?

எனக்குச் சரியென்று பட்டதைத்தான் எழுதினேன். மன்னிப்புக் கேட்க எனக்கு ஒன்றுமில்லை. இந்தத் துறையை நான் கட்டினேன். அந்தப் பதினோராம் அத்தியாயத்தைப் படித்துத்தான் உன் தலைவனும் பாஸ் பண்ணினான்.

வாயால் பேசிப் பயனில்லை. அடுத்த வாரம் மலைக்குப் போகிறேன். பழைய அடுக்குகளில் திரும்பவும் கல் எடுக்கப் போகிறேன். எந்த அடுக்குக்கு எவ்வளவு வயது என்பதை இப்போது கல்லை வைத்தே சொல்கிறார்கள். அந்தக் கணக்கையும் வாங்கப் போகிறேன். உன் வடக்கு புரண்டதா, என் மின்னல் விழுந்ததா என்று கல் சொல்லட்டும்.

அப்பா

*

செப்டம்பர் 20

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முழங்கால் எப்படி இருக்கிறது? நான் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். கவலைப்படாதே. இந்தக் கடிதம் உனக்கு மட்டும்.

வேறொரு தேசத்திலிருந்து இரண்டு பேர் எழுதிய கட்டுரை நேற்று வந்திருக்கிறது. வேறு கடல், வேறு கப்பல். வரிகள் அதே வரிகள். மலைத்தொடருக்கு இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்கிறது, தரை விரிகிறது என்று எழுதியிருக்கிறார்கள். நான் எழுதியதுதான் அம்மா. அவர்கள் திருடவில்லை, அவர்களும் கண்டுபிடித்திருக்கிறார்கள். திருடியிருந்தால்கூட ஆத்திரத்தைக் கொட்ட ஒரு இடம் இருந்திருக்கும்.

தலைவர் அதைத் தூக்கிக்கொண்டு என் மேஜைக்கு வந்தார். "பாரும்மா, எவ்வளவு அழகாக் கண்டுபிடிச்சிருக்காங்க! நம்ம கிட்டயும் இந்த மாதிரி ஏதோ இருந்துச்சே?" என்றார். ஏதோ இருந்ததாம்! நான் அலமாரியைத் திறந்து என் கட்டுரையை எடுத்து அவர் முன்னால் போட்டேன். தேதியைப் பார்த்தார். சிரிப்பு நின்றது. "அடடா, அன்னைக்கே சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார். அம்மா, நான் அந்த அறையிலிருந்து எப்படி வெளியே வந்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

டிசம்பரோடு வேலை முடிகிறது. ஏற்கெனவே வந்துவிட்டதை மறுபடி எழுதி யாரும் நிரந்தரமாவதில்லை. அவரிடம் சொல்லு: அவர் என்னைக் காப்பாற்றிவிட்டார். ரொம்ப நன்றாகக் காப்பாற்றிவிட்டார்.

அன்பு மகள்

*

நவம்பர் 16

என் கண்ணுக்கு,

நான் நலம். முழங்கால் வலிக்கிறது, வலித்துவிட்டுப் போகிறது. நீ இளைத்துவிட்டாய் என்று எழுத்தைப் பார்த்தாலே தெரிகிறது.

நீ சொன்னதைச் சொன்னேன். அடுத்த நாளே மறுபடி பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். மலைக்குப் போவதும் வருவதுமாகவே இருந்தார். ஒவ்வொரு தடவையும் பை நிறையக் கல். கூடத்தில் கால் வைக்க இடமில்லை. முதலில் சபதம் போட்டவர் மாதிரிப் போனார். "உன் பொண்ணுக்குக் காட்டுறேன் பாரு" என்றார். "காட்டுங்க, எனக்கென்ன" என்றேன். போகப் போகப் பேச்சுக் குறைந்தது. கல்லின் வயதுக்கணக்கு தபாலில் வந்த அன்றிலிருந்து சுத்தமாக நின்றுவிட்டது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான் என்று நினைத்துக்கொண்டேன்.

போன வாரம் சாப்பாட்டு மேஜையில் ஒரு நீளக் காகிதப் பட்டையை விரித்து வைத்துக் கறுப்பு மை பூசிக்கொண்டிருந்தார். "டைப் அடிச்சுத் தரியா?" என்று கேட்டார். "என்ன அடிக்கணும்?" என்றேன். யோசித்தார். "ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டார். பிறகு அதைச் சுருட்டி உருளையில் போட்டுத் தபாலாபீசுக்கு அவரே போனார். உனக்குத்தான் வரும்.

இன்னொன்று. சொல்லலாமா வேண்டாமா என்று இத்தனை மாதம் மனதைப் போட்டு உருட்டிவிட்டேன். ஏப்ரலில் ஆய்விதழிலிருந்து ஒரு பெரிய உறையும் உருளையும் வந்த அன்று சாயங்காலம் காபி கொண்டுபோனேன். உன் அப்பா ஜன்னல் பக்கம் திரும்பி, கண்ணாடியில் ஒரு தாளை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார். கூப்பிட்டேன், திரும்பவில்லை. காபி ஆறி ஆடை படிந்துவிட்டது. அது உன்னுடையது என்று அப்போது எனக்குத் தெரியாது. மதிப்பீட்டை அடித்தபோது அந்த மடிக்கிற வரி வந்ததும் என் கை நின்றது. "இது யாரோடது?" என்று கேட்டேன். "பேர் கிடையாது, அடி" என்றார். அடித்தேன். அதை நினைத்தால் எனக்கு என்மேலேயே எரிச்சல் வருகிறது.

உன் அம்மா

*

டிசம்பர் 14

ஐயா,

அம்மாவும் நீங்களும் நலம் என்று நம்புகிறேன்.

பட்டை வந்தது. உள்ளே கடிதம் இல்லை, கையெழுத்து இல்லை, ஒரு வார்த்தைகூட இல்லை. கறுப்பும் வெள்ளையும், ஓரத்தில் பென்சிலால் வயதும். என்னவென்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வடக்கு இன்றைக்கு இருப்பது போல இருந்த அடுக்குக்குக் கறுப்பு, புரண்டிருந்த அடுக்குக்கு வெள்ளை. மின்னல் என்று நீங்கள் எறிந்த கற்கள் எல்லாம் வெள்ளையில் இருக்கின்றன.

பட்டையை என் வரைபடத்தின் அளவுக்குச் சுருக்கி வரைந்து, மலைத்தொடரிலிருந்து வெளிப்பக்கமாக வைத்தேன். முதல் கறுப்பு கறுப்பின்மேல் விழுந்தது. வெள்ளை வெள்ளையின்மேல் விழுந்தது. வெள்ளைக்கு நடுவில் ஒரு மெல்லிய கறுப்பு என் வரைபடத்தில் உண்டு. அதைக் கருவியின் பிசகு என்றே நானும் சந்தேகப்பட்டிருந்தேன். உங்கள் மலையில் அதுவும் இருக்கிறது. இன்னொரு பக்கமும் வைத்தேன். அங்கேயும் இருக்கிறது.

அந்த இரண்டு பேரிடம் வரிகள் மட்டும்தான் இருக்கின்றன, வயது இல்லை. உங்கள் பட்டை இருந்தால் தரை எவ்வளவு வேகத்தில் நகர்கிறது என்று சொல்லலாம். கணக்குப் போட்டுவிட்டேன். ஒவ்வொரு பக்கமும் ஆண்டுக்கு ஒரு விரற்கடை. இதை அச்சில் போட்டால் யாராலும் மறுக்க முடியாது. தலைவர் மார்ச் வரை என் மேஜையை எடுக்க மாட்டேன் என்கிறார். அதற்குள் கட்டுரை வேண்டும்.

ஆனால் பெயரில்லாத காகிதத்தால் ஒரு தடவை அடிபட்டவள் நான். பெயரில்லாத காகிதத்தை இனிக் கையால் தொட மாட்டேன், அது எனக்குச் சாதகமாகவே இருந்தாலும். ஆகவே பட்டையைத் திருப்பி அனுப்புகிறேன். கையெழுத்துப் போடுங்கள். இதழாசிரியருக்கும் உங்கள் பெயரில் எழுதுங்கள், அந்த மதிப்பீடு யாருடையது என்று.

இதோடு என் பழைய வரைபடத்தையும் வைத்திருக்கிறேன். ஜூனில் அது மடிந்து வந்தபோது ஆய்விதழ்க்காரர்களைத் திட்டினேன். அம்மாவின் கடிதம் வந்த பிறகு எடுத்துப் பார்த்தேன். அலட்சியமாக மடிக்கிறவர்கள் ஓரத்தோடு ஓரம் சேர்த்துத் தாளின் நடுவில் மடிப்பார்கள். இந்த மடிப்பு தாளின் நடுவில் இல்லை. சாய்வாக, மலைத்தொடரின் கோட்டிலேயே ஓடுகிறது. இம்மி பிசகவில்லை.

எனக்குச் சரியென்று பட்டதைத்தான் எழுதினேன் என்று சொன்னீர்கள். உங்களை நம்பி, நீங்கள் பிடிவாதக்காரர், ஆனால் பொய்யர் இல்லை என்று இத்தனை மாதம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். உங்கள்மேல் இருந்த கோபத்தில் அது ஒன்றுதான் எனக்கு ஆறுதலாக இருந்தது. இப்போது அதுவும் போய்விட்டது.

ஒரே கேள்வி. ஒரே வார்த்தையில் பதில் வேண்டும். வியாக்கியானம் வேண்டாம், பழமொழி வேண்டாம். ஏப்ரலில் அந்த ஜன்னலில் வைத்துப் பார்த்தபோது பொருந்தியதா, இல்லையா?

மூன்றாம் மேஜை

*

ஜனவரி 3

அன்புள்ள மகளுக்கு,

நாங்கள் நலம். நீ நலமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. "கேட்டுப் பாருங்க, பதில் வந்தா வருது" என்கிறாள் உன் அம்மா. கேட்கிறேன்.

பட்டையில் ஒவ்வொரு அடுக்குக்கும் எதிரில் கல் எடுத்த இடத்தையும் எழுதி, அடியில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இதழாசிரியருக்கு எழுதிய கடிதத்தின் நகலும் இருக்கிறது. உன் அம்மா டைப் மெஷினின் உறையை எடுத்துவிட்டு அதை அடித்தாள். "மதிப்பீட்டாளர்" என்று நான் சொன்ன இடத்திலெல்லாம் "நான்" என்று அடித்திருக்கிறாள். பார்த்தேன். திருத்தவில்லை. ஏழாம் பதிப்பு வராது என்று பதிப்பாளருக்கும் சொல்லிவிட்டேன். ஐந்தாம் பதிப்பு இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும்.

நீ கேட்டதற்குப் பதில்:

பொருந்தியது.

அப்பா